ஒப்புக்கொடுத்த வலி

கொழும்பு
2024 செப்டம்பர் 7

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி றோய் எழுதுவது. இயேசுவுக்குப் புகழ். நான் சுகம். உன் மடத்துச் சிஸ்டர்மார் உன்னைப் பட்டினி போடாமல் வைத்திருக்க மாதாவை மன்றாடுகிறேன். ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் அப்பாவும் அம்மாவும் சுகமென்று நேற்றுப் போனில் சொன்னார்கள். அப்பாவுக்கு இருமல்தான். அது அவருடைய பரம்பரைச் சொத்து, விடவா போகிறார்?

ஒரு விஷயம் சொல்கிறேன், திட்டாதே. என் கண்ணுக்கு லேசர் போடப் போகிறேன். பேக்கரியில் பாண் வேகிற போறணையைத் திறந்த உடனே கண்ணாடியில் ஆவி மூடிவிடுகிறது. உள்ளே இருப்பது பாணா பணிஸா என்று தடவித்தான் பார்க்க வேண்டும். கப்பல் சமையலறைக்கு ஆள் எடுக்கிறவரும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வா என்று சொல்லிவிட்டார். லேசர் போடுகிற காசுக்கு நான் எங்கே போக? இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி நடக்கிறது. லேசர் போட்டபிறகு முதல் மூன்று நாள் கண்வலி உயிரை வாங்குமாம். அந்த வலிக்குக் கண்ணை விறைக்கவைக்கும் சொட்டு மருந்து ஒன்றைச் சோதிக்கிறார்கள். அதில் சேர்ந்தால் லேசர் இலவசம். பாதிப் பேருக்கு நிஜ மருந்து, மற்றவர்களுக்கு வெறும் தண்ணீர் மாதிரி ஒன்று. போத்தல் எல்லாம் ஒரே மாதிரி. யாருக்கு எது என்று கொடுக்கிற டொக்டருக்கே தெரியாது.

வீட்டில் ஆப்பரேஷன் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். சோதனை என்றால் அம்மா ஒப்பாரி வைத்துவிடுவாள். நீயும் சொல்லாதே. ஜெபம் பண்ணு.

உன் தம்பி
றோய்

---

நீர்கொழும்பு
செப்டம்பர் 15

அன்புத் தம்பிக்கு, மரியே வாழ்க. நான் நல்ல சுகம், பட்டினி இல்லை. இரண்டு சுற்றுப் பெருத்துவிட்டேன் என்று எழுதினால் நீ ஊரெல்லாம் சொல்வாய்.

அடேய், கண் என்ன உன் பழைய சைக்கிளா, யார் கேட்டாலும் கழற்றிக் கொடுக்க? எங்கள் கடிதங்களை மடத்துத் தலைவி மதர் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் தருவார் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். போன் எங்களுக்குக் கிடையாது. உன் ‘பட்டினி’ப் பகிடியையும் அவர் வாசித்துவிட்டார். சிரித்தார், நீ தப்பினாய்.

சரி, முடிவு பண்ணிவிட்டாய். எனக்காக ஒன்று செய். பெப்ரவரி இரண்டாம் திகதி எனக்கு முதல் வார்த்தைப்பாடு. அன்றைக்குத்தான் நான் சிஸ்டர் ஆவேன். அதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி, தகுதி இருக்கிறதா என்று. உனக்கு வருகிற வலியை என் வார்த்தைப்பாட்டுக்காக ஆண்டவருக்கு ஒப்புக்கொடு. சின்ன வயசில் முள்ளுக் குத்தினால் அம்மா நம்மை அப்படித்தானே செய்யச் சொல்வாள்? பல்லைக் கடித்துக்கொண்டு, “இது அக்காவுக்காக” என்று சொல். எனக்கு அதைவிடப் பெரிய பரிசு இல்லை.

பாசமுள்ள அக்கா
ஜெசீகா

---

ஸ்பிரிங்வெளி
அக்டோபர் 6

அன்புள்ள அக்காவுக்கு, கண்ணாடி இல்லாத தம்பி எழுதுவது. எல்லோரும் சுகம். நம் லயத்து வீட்டு வாசலில் நின்றபடி எதிர்மலையில் தேயிலைக் கொழுந்து கிள்ளுகிற பெண்களை எண்ணிவிட்டேன் அக்கா! இந்த மலைக்கு இவ்வளவு பச்சை என்று எனக்கு இத்தனை வருஷம் தெரியாது.

நீ கேட்ட விஷயம். ஒப்புக்கொடுத்தேன். முதல் மூன்று நாள் கொழும்பில் என் போர்டிங் அறையில் ஜன்னலைத் துணியால் மூடிக்கொண்டு கிடந்தேன். கண்ணுக்குள் கொச்சிக்காய் அரைத்துப் பூசியதுபோல இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, “இது அக்காவுக்காக, இது அக்காவுக்காக” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். எனக்குக் கிடைத்தது வெறும் தண்ணீர்தான் போல. சொட்டு விட்டும் ஒரு மாற்றமும் இல்லை. போகட்டும், உன் கணக்கில் சேர்ந்தால் சரி.

போத்தலில் முக்கால்வாசி மிச்சம். அடுத்த தடவை போகும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும். நர்ஸ் இந்த விஷயத்தில் பொல்லாதவர். “மூன்று நாளுக்கு மேல் தொட்டால் கையை முறிப்பேன். விறைத்த கண்ணில் புண் ஆறாது. வலி தெரியாததால் கண் கெட்டுப்போவதும் தெரியாது” என்று ஒவ்வொரு நாளும் போன் எடுத்துச் சொன்னார். நம் வீட்டில் தூசி படாத இடம் மாதா சுரூபம் இருக்கிற தட்டுத்தானே, அங்கே வைத்திருக்கிறேன். நாளைக்குப் பதுளையில் ரயில் ஏறுகிறேன்.

உன் தம்பி
றோய்

---

நீர்கொழும்பு
அக்டோபர் 19

என் தங்கத் தம்பிக்கு, ஆண்டவருக்கு நன்றி. சுகமாய் இருக்கிறேன். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை வாசித்து நான் கோவிலுக்குள் போய் உட்கார்ந்து அழுதேன். சின்னக் காய்ச்சலுக்கே லயத்தைத் தலைகீழாக்குகிறவன் நீ. எனக்காக மூன்று நாள் அப்படிக் கிடந்தாயா? மதர் அதை இரவு உணவுக்குப் பிறகு எல்லோருக்கும் உரக்க வாசித்தார். “தோட்டத்தில் பிறந்த ஒரு பேக்கரிப் பையனுக்குத் தெரிகிறது, உங்களுக்குத் தலைவலி வந்தால் பெனடோலைத் தேடுகிறீர்கள்” என்று எங்களுக்கு ஏச்சு. இப்போது இங்கே பல்வலி வந்தவள்கூட ‘றோய் மாதிரி’ என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வார்த்தைப்பாட்டுப் பயமும் போய்விட்டது. என் தம்பி விலை கொடுத்துவிட்டான், இனி நான் பின்வாங்கமாட்டேன்.

கண்ணைக் கசக்காதே.

அக்கா

---

கொழும்பு
நவம்பர் 10

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி எழுதுவது. நான் சுகம். உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். பேக்கரியில் வேலை அதிகம். அந்தக் கடிதத்தை எல்லோருக்கும் வாசித்திருக்க வேண்டாம்.

போத்தலைக் கொண்டுவர மறந்துவிட்டேன். தட்டிலேயே இருந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கேட்டபோது, ரயிலில் தொலைந்துவிட்டது என்று சொன்னேன். நர்ஸ் என்னை ஏசின ஏச்சு கப்பல் வரைக்கும் கேட்டிருக்கும்.

இப்போது விஷயம் அதுதான். போன கிழமை மலையில் கொழுந்து எடுக்கும்போது மானாப்புல் அம்மாவின் வலது கண்ணைக் கீறிவிட்டது. வலி தாங்காமல் மாதா முன்னால் முழங்காலில் விழுந்து அழுதிருக்கிறாள். தட்டில் என் போத்தலைக் கண்டு, கண்ணுக்கான தண்ணீர்தானே என்று விட்டுக்கொண்டாளாம். கண்மூடித் திறப்பதற்குள் வலி போய்விட்டதாம். அடுத்த நாள் வேலைக்கும் போய்விட்டாள். “தம்பி, ஒன் தண்ணிய எடுத்துட்டேன், கோவிச்சுக்காதடா” என்று போனில் சிரிக்கிறாள். வலி எழும்பும்போதெல்லாம் விடுகிறாளாம்.

அதைத் தொடாதே, டொக்டரிடம் காட்டு என்று சொன்னேன். “வலியே இல்லாம டொக்டருகிட்ட போயி என்னத்தடா சொல்லுறது?” என்கிறாள். நீயும் ஒரு வார்த்தை எழுது அக்கா. நீ சொன்னால்தான் கேட்பாள்.

றோய்

---

நீர்கொழும்பு
நவம்பர் 20

அன்புத் தம்பிக்கு, மரியே வாழ்க. சுகம்தானே?

நீ எழுதியதை வாசித்து எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நீ ஏன் பதறுகிறாய் என்றுதான் புரியவில்லை. மருந்து என்றால் பயப்படலாம். அது வெறும் தண்ணீர் என்று எழுதியவன் நீ. உனக்கு ஒரு சொட்டுக்கூட வேலை செய்யாத தண்ணீர், மாதாவின் காலடியில் ஒரு மாதம் இருந்து, அம்மா அழுது கேட்டதும் வலியை எடுத்துவிட்டது. இது என்ன என்று உனக்குத் தெரியவில்லையா? உன் வலி வீண் போகவில்லையடா! நீ ஒப்புக்கொடுத்தாய், ஆண்டவர் அம்மாவுக்குத் திருப்பிக் கொடுத்தார்.

அம்மாவுக்கு எழுதிவிட்டேன். பயப்படாமல் விட்டுக்கொள்ளச் சொன்னேன். கண்ணுக்குக் காவலான புனித லூசியம்மாளின் திருநாள் டிசம்பர் பதின்மூன்றில் வருகிறது, நேர்ச்சை வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

டிசம்பர் முதலாம் திகதி திருவருகைக்காலம் தொடங்குகிறது. அதற்குப்பிறகு கிறிஸ்து பிறக்கிற நத்தார் வரைக்கும் எங்களுக்குக் கடிதம் தரமாட்டார்கள், நாங்களும் எழுதக்கூடாது. வருகிறதெல்லாம் மதரின் மேசைக்குள் கட்டாகக் கிடக்கும். அதனால் பதில் வராவிட்டால் கவலைப்படாதே.

உன் அக்கா
ஜெசீகா

---

கொழும்பு
நவம்பர் 29

அக்காவுக்கு, நான் சுகம். இது முதலாம் திகதிக்கு முன் உன் கைக்கு வர வேண்டும். தபால்காரனுக்குக் கால் முளைக்கட்டும்.

அம்மாவை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல். உடனே சொல். அது தண்ணீர்தான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. அன்றைக்கு ஏதோ எழுதிவிட்டேன். சிலருக்கு வலி கூட, சிலருக்குக் குறைய, அப்படித்தானே? எனக்கு வலித்தது என்றால் அது மருந்து இல்லை என்று ஆகிவிடுமா? டொக்டருக்கே தெரியாததை நான் எப்படிச் சொல்வது? அற்புதம் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அது அற்புதம்தானே.

இரண்டு தடவை போன் எடுத்தேன். “அக்கா எழுத்துல எழுதி அனுப்பியிருக்கா, ஒனக்கு விசுவாசம் இல்ல” என்று அம்மா வைத்துவிட்டாள். அப்பாவும் அவள் பக்கம்தான். நத்தார் நேரம், முதலாளி ஒரு நாள் லீவு தரமாட்டேன் என்கிறார். நான் இதைவிடத் தெளிவாக எழுதப் பார்த்தேன், முடியவில்லை. நீ புரிந்துகொள்.

றோய்

---

ஸ்பிரிங்வெளி
டிசம்பர் 14

அன்பு மக ஜெசீகாவுக்கு அம்மா றோசாலி எழுதிக்கிறது. அப்பா சொகம். நானும் சொகந்தான். எழுத்து கோணலா இருக்கும், ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு எழுதுறேன்.

நேத்து லூசியம்மா திருநாளு. மெழுகுவத்தி கொளுத்தி வச்சிட்டுத்தான் வேலைக்குப் பேரு குடுக்கப் பெரட்டுக்குப் போனேன். ஒரு நாளு கூட வேலைய விடல மகளே. மொதல்ல ஒரு சொட்டு விட்டா பொழுதுக்கும் தாங்குச்சு. இப்ப விட்ட கையோட வலி வந்துருது. தண்ணி தீந்துபோகுதேன்னு கோயில் தீர்த்தத்த அதுலயே கொஞ்சங் கொஞ்சமா ஊத்திக்கிட்டேன். தீர்த்தம் கொறஞ்சா மேல ஊத்திக்கலாம்னு உபதேசியாரு சொல்லுவாரே. ஊத்த ஊத்த வலி கூடத்தான் செய்யுது. எனக்கு விசுவாசம் கொறஞ்சிருச்சோன்னு அழுகையா வருது.

பக்கத்து வீட்டு லெட்சுமி, கண்ணு கருமணியில அரிசி மாதிரி வெள்ள விழுந்துருக்குன்னு சொல்லுறா. தம்பி போன்ல கத்துறான். நேர்ச்சய நத்தார் வரைக்கும் நீட்டிக்கிட்டேன், அது முடியாம நான் எங்கயும் போகமாட்டேன்னுட்டேன். வார்த்தப்பாடு எடுக்கப்போற புள்ள நீ சொன்னத விட்டுட்டு நான் யாரு சொல்லக் கேக்குறது? எனக்காக வேண்டிக்க.

அம்மா

---

நீர்கொழும்பு, மடத்து வாசல்
டிசம்பர் 17

மதிப்புக்குரிய மதர் அவர்களுக்கு,

தோத்திரம். நான் ஜெசீகாவின் தம்பி றோய். திருவருகைக்காலத்தில் கடிதம் பிரிப்பதில்லை என்று தெரியும். தயவுசெய்து இதைப் பிரியுங்கள். போனில் சொல்லலாம் என்று எடுத்தேன், எடுத்த சிஸ்டரிடம் வாய் வரவில்லை. அதனால் எழுதி நானே கொண்டுவந்திருக்கிறேன். வாசலில் நிற்கிறேன்.

நீங்கள் எல்லோருக்கும் வாசித்துக் காட்டிய கடிதம் பொய். எனக்கு வலிக்கவே இல்லை மதர். அந்த மூன்று நாளும் ஒரு சொட்டு விட்டுக்கொண்டு குறட்டை விட்டுத் தூங்கினேன். ஆஸ்பத்திரியில் கேட்டபோது வலி இல்லை என்றுதான் சொன்னேன். அக்காவுக்கு மட்டும் மாற்றி எழுதினேன். வலியை ஒப்புக்கொடு என்று அவள் ஆசையாகக் கேட்டாள். என்னிடம் ஒப்புக்கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

அந்த வார்த்தையை நம்பித்தான் அக்கா அம்மாவுக்கு எழுதினாள். அம்மா ஒரு மாதத்துக்கு மேல் அந்த மருந்தை விட்டுக்கொண்டிருக்கிறாள். கருமணியில் வெள்ளை விழுந்திருக்கிறது என்று நேற்று அப்பா சொன்னார். இன்று காலை ஆராய்ச்சி டொக்டரிடம் போய்ப் போத்தல் தொலையவில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ரகசிய இலக்கத்தைத் திறந்து பார்த்தார். எனக்குக் கிடைத்தது நிஜ மருந்து. “இன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ, ஒரு நாள் பிந்தினாலும் கண் போய்விடும்” என்றார்.

அது மருந்துதான் என்று அம்மாவிடம் போனில் சொன்னேன். “என்னைய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப இப்பிடி ஒரு பொய்யாடா?” என்கிறாள். அக்கா சொன்னால் மட்டும்தான் போவாள். அப்பாவின் போன் நம்பரைப் பின்னால் எழுதியிருக்கிறேன். அக்காவிடம் போனைக் கொடுங்கள். என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் பரவாயில்லை.

றோய்

---

பதுளை
2025 ஜனவரி 6

றோய்க்கு அக்கா எழுதுவது. சுகம் விசாரிக்க இன்னும் மனசு வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன், சாப்பிடுகிறாயா?

அன்றைக்கு மதர் உன் கடிதத்தை நின்றபடியே வாசித்தார். என்னைக் கூப்பிட்டுப் போனைக் கையில் வைத்தார். நான் அம்மாவிடம், “தம்பி சொன்னது உண்மை, நான் எழுதினதுதான் பிழை, இந்த நிமிஷமே போம்மா” என்று கத்தினேன். பின்னேரமே அப்பா அவளைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்துவிட்டார். பிறகு வாசலுக்கு ஓடிவந்தேன். நீ இல்லை. போயிருக்கக் கூடாது நீ. உன்னை நாலு அறை அறைந்துவிட்டுக் கட்டிப்பிடித்து அழ வேண்டும்போல இருந்தது. மேசைக்குள் உன் நவம்பர்க் கடிதமும் அம்மாவின் கடிதமும் பிரிக்காமல் கிடந்தன. மதர் அவற்றைத் தந்து என்னை அம்மாவிடம் அனுப்பினார். அம்மாவுடையதைப் பஸ்ஸில் வாசித்தேன். ‘நீ சொன்னத விட்டுட்டு’ என்று எழுதியிருக்கிறாள். அதை வாசித்தபிறகு உன்மேல் மட்டும் எப்படிக் கோபப்படுவேன்? ஒரு அற்புதம் வேண்டும் என்று எனக்கும் ஆசையாக இருந்தது. பெப்ரவரியில் வார்த்தைப்பாடு வேண்டாம் என்று நானே மதரிடம் கேட்டுக்கொண்டேன். அடுத்த வருஷம் பார்க்கலாம்.

இனிக் கேள். முதல் பத்து நாள் அம்மாவின் கண் தப்புமா என்று யாருக்கும் விளங்கவில்லை. மணிக்கு மணி மருந்து விட்டார்கள். விறைப்பு மருந்து இல்லை, புண் ஆறுகிற மருந்து. வலியில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். ஒருநாள் டொக்டர் பார்த்துவிட்டு, கண்ணை எடுக்கத் தேவையில்லை என்றார். கண் தங்கிவிட்டது. பார்வை தங்கவில்லை தம்பி. வெள்ளை அப்படியே இருக்கிறது. வெளிச்சம் மட்டும் தெரிகிறது. பிற்பாடு இறந்த ஒருவரின் கருமணித் தோலை வைத்துத் தைத்துப் பார்க்கலாமாம், அதற்கு நாள் இருக்கிறது.

உன் பொய்யை அவளிடம் முழுதாகச் சொன்னேன். மறைக்க எனக்கு இனித் தெம்பில்லை. நீ சுவரைப் பிடித்ததாக எழுதினதைச் சொன்னபோது சிரித்துவிட்டாள். “அவனா? முள்ளுக் குத்துனாலே மூணு லயம் கேக்கக் கத்துவானே, நீ எப்பிடிடி நம்புன?” என்று என்னைத்தான் கேட்டாள். பிறகு, “அவன் வலிக்காத வலிய ஒனக்கு ஒப்புக்குடுத்தான். பரவாயில்ல. நான் இங்க வலிச்சதெல்லாத்தையும் அவனுக்குத்தான் ஒப்புக்குடுத்திருக்கேன். கப்பலுக்குப் போகச் சொல்லு” என்றாள்.

கப்பலுக்குப் போகும் முன் இங்கே வா. ஏச்சு எல்லாம் முடிந்துவிட்டது, யாரும் ஒன்றும் கேட்கமாட்டோம். தினமும் வார்ட்டு வாசலில் காலடி கேட்டால் நீயா என்று அம்மா திரும்பிப் பார்க்கிறாள். வரும்போது அவளுக்கு இடது பக்கமாக வந்து நில். அந்தப் பக்கம் நின்றால்தான் நீ அவள் கண்ணுக்குத் தெரிவாய்.

அக்கா
ஜெசீகா